ஆள் கடத்தல்: கணக்கும் இல்லை, விழிப்புணர்வும் இல்லை

புதுதில்லி: நாட்டில் ஆண்டுதோறும் எத்தனை பேர் ஆள் கடத்தலுக்கு இரையாகின்றனர்? குற்றங்களைத் தொகுப்பதற்கென்றே 1986-இல் அமைக்கப்பட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகத்திடமும் இதற்கு நம்பத்தகுந்த விடை இல்லை.

தில்லித் தமிழர்களுக்கு மலை மந்திரால் நன்கு அறிமுகமான ஆர்.கே.புரத்தில் பல ஆண்டுகள் இயங்கி, பின்னர் மகிபால்பூருக்கு இடம் மாறிய அமைப்பு இது. மாநிலக் காவல்துறைகள் அனுப்பும் விவரங்களைத் தொகுத்து வெளியிடுவது இதன் பணி. எனவே, காவல் நிலையத்தில் பதிவாகாத குற்றம் காப்பகத்தின் ஏட்டிலும் ஏறுவதில்லை.

ஒரே ஆண்டில் சரிவு: 2016-இல் நாடு முழுவதும் 8,132 ஆள் கடத்தல் வழக்குகள் பதிவானதாகக் காப்பகம் தெரிவித்தது. இவற்றில் 3,579 வழக்குகள் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவை. மறு ஆண்டில் நாட்டின் மொத்த எண்ணிக்கையே 2,854 ஆகச் சுருங்கியது. அந்த 2017-ஆம் ஆண்டு விவரமும் 2019 அக்டோபரில்தான் வெளியானது. 2022-இல் பதிவானவை 2,250.

குற்றம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று நம்புவதற்கில்லை. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருப்பின் அவற்றுள் கடுமையானதை மட்டுமே கணக்கில் கொள்வது காப்பகத்தின் வழக்கம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆகியவற்றின் கீழ் மட்டும் பதிவாகும் வழக்குகளோ வேறு தலைப்புகளில் சேர்ந்துவிடுகின்றன.

வெளிநாட்டுக் கணிப்புகளும் கைகொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் 'வாக் ஃப்ரீ' அமைப்பு, இந்தியாவில் நவீன அடிமைநிலையில் இருப்போர் 1.83 கோடிப் பேர் என 2016-இல் மதிப்பிட்டது. 2018-இல் அது 80 லட்சம் ஆனது. 2023 அறிக்கையில் 1.1 கோடி. இடையில் ஒரு கோடிப் பேர் விடுதலை பெற்றுவிடவில்லை. கணக்கிடும் முறைதான் மாறியது.

காணாமல் போனவர்கள்: தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2002-03-இல் நடத்திய ஆய்வில், ஆண்டுக்குச் சராசரியாக 44,476 குழந்தைகள் காணாமல் போவதாகவும், அவர்களில் 11,008 பேர் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை என்றும் தெரிய வந்தது. ஆயினும், காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட 2013 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆள் வணிகத்தை அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவே தடை செய்கிறது. ஆர்.கே.புரத்தை அடுத்த முனீர்காவில் பேருந்து ஏறிய மாணவிக்கு 2012 டிசம்பரில் நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து அமைந்த வர்மா குழுவின் பரிந்துரைக்குப் பின், 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவு திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு. தனிச்சட்டத்துக்கான மசோதாவோ 2018-இல் மக்களவையில் நிறைவேறியும் மாநிலங்களவையைத் தாண்டாமல், மறு ஆண்டு காலாவதியானது.

சொல்லிலேயே மயக்கம்: தமிழில் பணயத்துக்காக ஆளைத் தூக்கிச் செல்வதும் 'கடத்தல்', வேலை தருவதாக அழைத்துச் சென்று விற்பதும் 'கடத்தல்'. இதனால் மக்கள் மனத்தில் நிற்பது பிள்ளை பிடிக்கும் அந்நியனின் உருவமே. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். கட்செவி அஞ்சலில் பரவிய வதந்தியே அதற்குக் காரணம்.

உண்மையில் வருபவர் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்த தரகர். கையில் முன்பணம் இருக்கும். பெற்றோர் சம்மதத்துடனேயே பிள்ளை ரயில் ஏறும். மதுரை, தேனி மாவட்டச் சிறுவர்கள் வடமாநில முறுக்குக் கூடங்களில் கொத்தடிமைகளாகச் சிக்கியது இவ்வாறுதான். ஜார்க்கண்ட் பழங்குடிச் சிறுமிகள் தலைநகரின் வீடுகளுக்குப் பணிப்பெண்களாக வந்து சேர்வதும் இதே வழியில்தான்.

அந்நியனைக் கண்டு கொதித்தெழும் ஊர், முன்பணத்துடன் வரும் தரகரைத் திண்ணையில் அமர்த்தி உபசரிக்கிறது. யார், யாருடன், எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார் என்பதை அந்தந்த ஊராட்சி பதிவு செய்து வைக்காதவரை, தலைநகரில் தொகுக்கப்படும் எண்கள் ஏட்டுக்கணக்காகவே இருக்கும்.