கடைப் பெயருக்கு இணையத்தில் யார் காவல்?

தேவிகாபுரத்திலும் ஆரணியிலும் பட்டு வியாபாரம் செய்யும் நம்மவர்கள் கடைப் பெயரைக் கல்லாப்பெட்டியைவிடப் பத்திரமாகக் காப்பவர்கள். பெயர்ப்பலகைக்கு உரிமம், பில்லுக்கு வரிப் பதிவு, லேபிளுக்கு டிரேட் மார்க் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் உண்டு. யாரைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் இணையத்தில் கடைக்கு வாங்கும் டொமைன் பெயரைப் பற்றி மட்டும், 'பையன் பார்த்துக்கொள்வான்' என்று இருந்துவிடுகிறோம்.

இந்தப் பெயர்களின் தலைமைப் பதிவேட்டை ஒருங்கிணைப்பது ஐகான் என்ற அமைப்பு. 1998ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாப நோக்கமற்ற நிறுவனமாகத் தொடங்கியது. அமெரிக்க வர்த்தகத் துறையின் ஒப்பந்தத்தின் கீழ் இயங்கி வந்த அது, 2016 அக்டோபர் 1 முதல் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டது. அடுத்த மாதமே அதன் பொதுக்கூட்டம் நம் ஐதராபாத்தில் நடந்தது.

அங்கே நம்மைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா? 2000ம் ஆண்டில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். இணையம் பயன்படுத்தும் சாதாரண மக்களே வாக்களித்து, கண்டத்துக்கு ஒருவராக 5 இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தனர். உலகம் முழுவதும் வாக்களித்தவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர்தான். 2002ல் அமைப்பைத் திருத்தியபோது அந்தத் தேர்தலையே கைவிட்டார்கள். இப்போது வாக்குரிமையுள்ள 16 இயக்குநர்களில் 8 பேரை ஒரு நியமனக் குழு தேர்வு செய்கிறது. பொதுப் பயனாளர் சார்பில் ஒரே ஒரு இடம். வணிகப் பயனாளர்களுக்கு ஒரு பிரிவு இருந்தாலும், அதே சபையில் பெயர் விற்கும் கம்பெனிகளும் பிறரும் பங்கு கேட்கிறார்கள். அரசுகளுக்கோ ஆலோசனை சொல்லும் உரிமைதான். பெயர் விற்பவர் கை ஓங்கியிருக்கிறது என்பதே நம் கணிப்பு.

ஊர்ப் பெயர் விஷயத்தில் இது எப்படி முடியும் என்பதற்கு அமேசான் வழக்கைப் பார்க்கலாம். அமேசான் கம்பெனி 'டாட் அமேசான்' கேட்டது. அமேசான் நதிப் படுகை நாடுகள் எதிர்த்தன. 2014ல் மறுக்கப்பட்ட பெயர், மறுஆய்வுக்குப் பிறகு 2019ல் கம்பெனியின் கைக்கே போனது. நதிக்கே அப்படி என்றால் நெசவூருக்கு?

இந்தியக் கணக்கு சற்று வேறு. 'டாட் இன்' பெயர்கள் 2005ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. அதற்கு முன் கெடுபிடி அதிகம். அதை நடத்துவது நிக்ஸி. அதன் உறுப்பினர்கள் இணையச் சேவை தரும் கம்பெனிகள். பெயர் வாங்கிய கடைக்காரர் அல்லர். தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' வைக்கவும் 2011ல் வழி பிறந்தது.

ஒருவர் பெயரை மற்றவர் பிடித்துக்கொண்டால் நிவாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே கம்பெனி தன் 'சிஃபி' பெயரைப் போன்ற ஒன்றை இன்னொருவர் பதிவு செய்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2004ல் வென்றது. டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலப் பாதுகாக்கத் தக்கதே என்றது நீதிமன்றம். 'டாட் இன்' தகராறுகளுக்கு கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் முறையிடும் தனி விதியும் உண்டு. நம் பெயரோடு குழப்பும்படி இருக்கிறது, எதிராளிக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு எடுத்தார் என்ற மூன்றையும் காட்ட வேண்டும். நிரூபித்தால் பெயர் ரத்தாகும், அல்லது நமக்கு மாற்றித் தரப்படும். பழைய பில், விளம்பரம், டிரேட் மார்க் சான்றிதழ் இங்கேதான் கை கொடுக்கும். வெறும் ஊர்ப் பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டால், தனி வியாபாரி 'என்னுடையது' என்று சொல்வது கடினம்.

முதலில் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது, கடையின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதை. வெப்சைட் செய்து தந்தவர் பெயரில் இருந்தால், நட்பு இருக்கும்போதே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பதிவில் உள்ள மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் குறியுங்கள். தவறினால் வேறு எவரும் வாங்கலாம்.

ஊர்ப் பெயரோடு பட்டு, சேலை என்ற சொற்கள் சேர்ந்த பெயர்களைத் தனியாரிடம் விடாமல் சங்கத்தின் பெயரிலேயே வாங்கி வைப்பது நல்லது. செலவு பெரிதல்ல. அடுத்த செயற்குழுவில் இதை முன்வைக்கலாம். உறுப்பினர்கள் தங்கள் கடைப் பெயரையும், பதிவு செய்த தேதியையும் ஒரு தாளில் எழுதி வந்தால் வேலை சுலபம்.