ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்? அறுவடைக்கு முன் ஆவடி பக்கத்து விவசாயி போடும் கணக்கு

ஆவடியிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில், திருநின்றவூர் தாண்டியதும் போனிலிருந்து ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். அபார்ட்மென்ட்களுக்கும் 'மனைகள் விற்பனைக்கு' போர்டுகளுக்கும் நடுவில் இன்னமும் நெல் வயல் தெரியும். திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டம். டிசம்பர், ஜனவரியில் விதைத்த நவரை, ஏப்ரல் வாக்கில் தலை சாய்த்து நிற்கும். அந்த நேரத்தில் வரப்பில் நிற்பவரிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னப்பா, ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்?"

அந்தப் பதிலை நம்பித்தான் அடகு வைத்த நகையை மீட்பதா, உரக்கடை பாக்கியை முதலில் அடைப்பதா என்ற முடிவே எடுக்கப்படுகிறது. சம்பளத் தேதி இல்லாத தொழிலில் இதுதான் பட்ஜெட்.

வயலைப் பார்த்தே எப்படிச் சொல்கிறார்கள்?

அனுபவசாலி தூரைப் பிரித்துப் பார்ப்பார். கதிரை உருவி, எத்தனை மணி முற்றியது, எத்தனை பதர் என்று உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். வேளாண் துறையின் கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு சதுர மீட்டரில் 300 கதிர், கதிருக்கு 80 முற்றிய மணி, ஆயிரம் மணியின் எடை 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 480 கிராம். ஏக்கருக்கு சுமார் 1,940 கிலோ. 80 கிலோ மூட்டையில் 24 சொச்சம். பால் பிடிக்கும் சமயத்தில் மழையோ பூச்சியோ வந்து 80 மணி 70 ஆகிவிட்டால், மூன்று மூட்டை போச்சு. பயிர் பச்சையாக, அழகாகத்தான் நிற்கும். பதர் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பயிர்க் காப்பீட்டுக்கு அரசு நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையும் ஒரு சாம்பிள்தான். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். அதில் 12 கிலோ வந்தால், ஏக்கருக்கு அதே 1,940 கிலோ. சிக்கல் என்னவென்றால், இந்தப் பரிசோதனையை வைத்துத் தரும் இழப்பீடு தனி வயலைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பகுதியின் சராசரியை வைத்துதான். ஒருவர் வயலில் மட்டும் விளைச்சல் விழுந்து, மற்றதெல்லாம் தப்பித்துவிட்டால் அவருக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் வராமலும் போகலாம்.

விலை முன்கூட்டியே தெரியும்தானே?

பாதி தெரியும். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். சாகுபடிச் செலவு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, அதன் மேல் 50 சதவீதம் சேர்த்த தொகை இது. அந்தச் செலவில் கைச்செலவும் குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் உண்டு; சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு கிடையாது. விவசாயச் சங்கங்களின் பழைய சண்டையே இங்கேதான்.

இதன்மேல் தமிழக அரசு ஊக்கத்தொகையாக 131, 156 ரூபாய் சேர்த்தது. ஆக, அரசு கொள்முதல் நிலையத்தில் 2,500, 2,545 ரூபாய். நம் உதாரண ஏக்கரின் சன்ன நெல்லுக்கு ஏறக்குறைய 49,400 ரூபாய்.

ஆனால் அந்த விலை நிலையத்தின் வாசலைத் தாண்டி எடை போட்ட நெல்லுக்குத்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இயந்திரம் அறுத்த கையோடு வரும் நெல்லில் 20-க்கு மேல் இருப்பது சாதாரணம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோவை 17-க்குக் காயவைத்தால் 94 கிலோதான் மிஞ்சும். காயவைக்கக் களம் வேண்டும், வெயில் வேண்டும், கூலி வேண்டும். களம் இருந்த இடமெல்லாம் இந்தப் பக்கம் என்ன ஆனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 அக்டோபரில் டெல்டாவில் கொள்முதலுக்குக் காத்திருந்த நெல் மழையில் நனைந்து முளைத்தது நினைவிருக்கும். 22 சதவீதம் வரை அனுமதிக்கக் கேட்டது தமிழகம். மத்தியக் குழுக்கள் வந்து பார்த்தன, தளர்வு கிடைக்கவில்லை.

அப்படியானால் வியாபாரியிடமா?

நெல் மண்டிகளும் அரிசி ஆலைகளும் நிறைந்த செங்குன்றம், ஆவடியிலிருந்து எட்டும் தூரம்தான். வியாபாரி வயலுக்கே லாரி கொண்டுவருவார், ஈரத்தோடு எடுப்பார், காசும் சீக்கிரம். விலை மட்டும் அவர் சொல்வது. அதிலும் மூட்டை எத்தனை கிலோ என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. "மூட்டை 1,600" என்பது 75 கிலோ என்றால் குவிண்டாலுக்கு 2,133 ரூபாய். 80 கிலோ என்றால் 2,000 ரூபாய்தான்.

அந்த விலையும் ஊரோடு முடிவதில்லை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. 2024 செப்டம்பரில் எடுத்தது. இந்திய அரிசி திரும்பவும் கப்பலேற, 2025-ல் உலகச் சந்தையில் விலை இறங்கியது. அரிசி உலகத்துக்கு இந்த வட்டாரம் புதிதுமல்ல. செவ்வாப்பேட்டை பக்கம் உள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகத்தைப் பெற்றோரில் ஒன்றாக வைத்துத்தான் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐ.ஆர். 20 உருவானது. ரயிலில் போகிற பலருக்கு அது தெரியாது.

நிலம் யார் பெயரில்?

இந்தப் பக்கத்துக்கு இது தனித் தலைவலி. மனை விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்ட நிலத்தில் வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடுபவர்கள் உண்டு. கொள்முதல் நிலையத்தில் பதிய சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று கேட்பார்கள். நிலக்காரர் வேறு ஊரில் இருந்து, எழுத்தில் எதுவும் தர மாட்டேன் என்றால், 2,545 ரூபாய் என்பது செய்தித்தாளில் படிக்கும் விலைதான். அவருக்கு வியாபாரி சொல்வதே விலை.

ஆகவே கதிர் பழுத்த வாரத்தில் அவர் இரண்டு கணக்கு வைத்திருப்பார். வானம் வெளுத்திருந்து, சான்றும் கையில் இருந்தால் ஒன்று. மேற்கே மேகம் திரண்டால் இன்னொன்று. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. முதலில் இயந்திரக்காரருக்குப் போன் போடுவதா, வியாபாரிக்கா என்பதை அன்று காலை வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.