கூம்பு வளையும் நேரம்

அமெரிக்காவில் வீட்டிலேயே மட்பாண்டம் சுடப் பழகுகிறவர்கள் பலருக்கு முதலில் வாய்ப்பது, யாரோ பல காலம் பயன்படுத்திவிட்டு விற்கும் மின்சூளைதான். எவர்சில்வர் தகடு சுற்றிய எண்கோணப் பெட்டி; உள்ளே வெள்ளைச் செங்கல்; பக்கவாட்டில் இரண்டு மூன்று திருகு சுவிட்சுகள். வெப்பநிலை காட்டும் திரை கிடையாது. இப்படிப்பட்ட 'மேனுவல்' சூளையில் பழகுவதே நல்லது என்பேன். சூடு மண்ணை என்ன செய்கிறது என்று கவனிக்காமல் இதில் ஒரு கிண்ணத்தைக்கூட ஒழுங்காகச் சுட முடியாது.

வாங்கும்போது பெயர்த்தகட்டில் வோல்ட் அளவைப் படிக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட். வணிகக் கட்டடங்கள் பலவற்றில் 208. 240-க்கான சூளையை 208-ல் இணைத்தால் கிடைப்பது முக்கால்பங்கு ஆற்றல்தான். உச்சச் சூட்டை அது எட்டாமலே போகலாம். மாற்றி இணைத்தால் மூன்றில் ஒரு பங்கு மின்சுமை கூடி ஆபத்தாகும். அடுத்தது கம்பிச்சுருள். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த இந்தக் கம்பி ஒருமுறை சூடேறிவிட்டால் குளிர்ந்த நிலையில் நொறுங்கும். கையால் வளைத்துப் பார்க்கக் கூடாது. வயதாக ஆக அதன் மின்தடை கூடும், சூளை மந்தமாகும். செங்கல்லில் ஓரிரு விரிசல் இருந்தால் கவலையில்லை. சுருளைத் தாங்கும் பள்ளங்கள் உதிர்ந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

திரை இல்லாத சூளையில் எப்போது நிறுத்துவது? அடுப்பின் சூட்டை அளந்தா சோறு வெந்ததென்கிறோம்? ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறோம். சூளையில் அந்தப் பருக்கை, விரல் நீளம்கூட இல்லாத ஒரு கூம்பு. பெர்லினில் ஹெர்மன் சேகர் 1886-ல் இதை உருவாக்கினார். ஒஹாயோவில் எட்வர்ட் ஆர்டன் 1896-ல் தயாரிக்கத் தொடங்கினார். பாத்திரத்தின்மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸில் சேரும் கனிமங்களே கூம்பிலும் இருப்பதால் இரண்டும் ஒரே விதமாக இளகும். வெப்பநிலையை மட்டுமல்ல, சூடு எவ்வளவு நேரம் வேலை செய்தது என்பதையும் கூம்பு சேர்த்துச் சொல்கிறது. 6-ஆம் எண் கூம்பு, மெதுவாகச் சூடேற்றினால் ஏறத்தாழ 1220 டிகிரி செல்சியஸில் வளையும். வேகமாக ஏற்றினால் 1240 வரை தாங்கும்.

பழைய சூளைகளில் இந்தக் கூம்பே சுவிட்சையும் இயக்கும். 'கில்ன் சிட்டர்' என்ற அமைப்பில், உள்ளே நீட்டியிருக்கும் இரண்டு தாங்கிகளின்மேல் சிறு கூம்பைப் படுக்க வைத்து, அதன் நடுவில் ஒரு மெல்லிய கம்பியை அமர்த்துவார்கள். கம்பியின் வெளிமுனையிலுள்ள கொக்கி ஓர் எடைக்கட்டையைப் பிடித்திருக்கும். கூம்பு இளகி வளைந்ததும் கம்பியின் உள்முனை தாழும், வெளிமுனை எழும். கொக்கி விலக, கட்டை 'டக்'கென்று விழுந்து மின்சாரத்தை அணைக்கும். துருவேறிய கம்பி சிக்கிக்கொண்டால் கட்டை விழாது. அதனால் நேரவரம்புக் கடிகாரம் இருந்தாலும் கடைசி மணிநேரத்தில் சூளையருகே ஆள் இருந்தே தீர வேண்டும்.

எண்ணிலும் கவனம் வேண்டும். 06 என்பது 6 அல்ல. 06-ஆம் கூம்பு 1000 டிகிரியை ஒட்டி வளையும். அதற்கான மண்ணை 6-ஆம் எண் கூம்பு வளையும்வரை சுட்டால் பாத்திரம் உருகித் தட்டோடு ஒட்டிவிடும்.

சுடும் நாளில் முதல் சில மணிநேரம் அடிச்சுவிட்ச் மட்டும், அதுவும் குறைந்த அளவில். மூடியைச் சற்றே தூக்கி வைக்க வேண்டும். மண்ணில் தங்கிய ஈரம் 100 டிகிரியில் ஆவியாகி வெளியேற வழியில்லையென்றால் பாத்திரம் வெடிக்கும். மேல் துளையருகே ஒரு கண்ணாடியைக் காட்டினால், பனிபடர்வது நிற்கும்வரை ஈரம் இருக்கிறதென்று பொருள். பிறகு மூடியை இறக்கி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கூட்டலாம். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென விரியும். குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே அவசரம் காட்டினால் விரிசல்தான். புகையிலும் நச்சு உண்டு. அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும்.

ஆறிய பிறகு, சுடும்முன் கலங்களுக்கிடையே நிறுத்தியிருந்த, அடுத்தடுத்த எண்கொண்ட மூன்று சாட்சிக் கூம்புகளைப் பார்க்க வேண்டும். முதலாவது கவிழ்ந்து, நடுவிலுள்ளதன் நுனி தரையைத் தொட்டு, மூன்றாவது நிமிர்ந்து நின்றால் சூடு சரி. மேல்தட்டில் சரியாக இருந்து கீழ்த்தட்டில் நடுக்கூம்பு வளையாமல் நின்றால், அடுத்த முறை அடிச்சுவிட்சை அரைமணி முன்னதாகக் கூட்டிப் பார்க்கலாம்.