எட்டு மணி நேர நாற்காலி

புதிதாக அலுவலகம் திறப்பவர்கள், தளவாடப் பொருள்கள் வாங்கும்போது பெரும்பாலும் முதலாளியின் அறையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பளபளக்கும் பெரிய மேசை, உயரமான சாய்வு கொண்ட நாற்காலி, வருகையாளர்கள் அமர ஒரு சோபா என்று கையிலுள்ள பணத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடுகிறது. எஞ்சிய பணத்தில் பணியாளர்களுக்கு மலிவான நாற்காலிகள் வாங்கப்படுகின்றன. முதலாளியோ வாடிக்கையாளர்களைச் சந்திக்க அடிக்கடி வெளியே சென்றுவிடுவார். கணக்குகளைப் பதிவு செய்யும் பணியாளர்தான் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை ஒரே இருக்கையில் இருப்பார். நல்ல நாற்காலி அவருக்கல்லவா முதலில் தேவை?

இது வெறும் சொகுசு பற்றிய பேச்சன்று. மனிதனின் முதுகுத்தண்டு இடுப்புப் பகுதியில் இயல்பாகவே சற்று உள்நோக்கி வளைந்திருக்கும். தாங்கல் இல்லாத நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்தால் அந்த வளைவு தட்டையாகி, முதுகுத் தசைகள் இழுபடும். தோளும் கழுத்தும் முன்னே சாயும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அதுவே நீங்காத முதுகுவலியாக மாறக்கூடும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் பணியாளர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் இயன்றவரை காப்பது முதலாளியின் கடமை என்கிறது. அந்தக் கடமை தொழிற்சாலை இயந்திரத்தோடு முடிந்துவிடுவதில்லை. அலுவலக நாற்காலிக்கும் அதில் இடமுண்டு.

அப்படியானால் நல்ல நாற்காலியை எப்படி அறிவது? விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதில் அமர்ந்து பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் போதாது. பத்து நிமிடங்களாவது அமர வேண்டும். இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். முழங்காலின் பின்புறத்திற்கும் இருக்கையின் விளிம்பிற்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். இருக்கை அதைவிட நீளமாக இருந்தால், குள்ளமானவர் முதுகைச் சாய்க்க முடியாமல் முன்னால் நகர்ந்தே அமர்வார். அவருக்குச் சாய்வு இருந்தும் இல்லாததுபோல்தான். கைதாங்கி தோளை உயர்த்தாத உயரத்தில் இருப்பது நல்லது. சக்கர நாற்காலிகளின் அடிப்பாகத்தில் ஐந்து கால்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதும் தேவை. நான்கு கால்கள் மட்டுமே கொண்டவை பக்கவாட்டில் சாயும்போது எளிதில் கவிழ்ந்துவிடும்.

மனித உடல்கள் ஒரே அளவானவை அல்ல என்பதைத் தளவாடத் தயாரிப்பாளர்களே தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டனர். 1994இல் அமெரிக்காவில் அறிமுகமான ‘ஏரோன்’ என்னும் அலுவலக நாற்காலி, சட்டையைப்போல மூன்று அளவுகளில் விற்பனைக்கு வந்தது. பஞ்சு மெத்தைக்கு மாறாக, காற்றோட்டமுள்ள வலைத்துணியால் ஆன இருக்கையும் அதன் சிறப்பு. இன்று பல கடைகளில் மலிவு விலையில் கிடைக்கும் வலைத்துணி நாற்காலிகளில் அதன் சாயலைக் காணலாம்.

நாற்காலிக்கு அடுத்துச் சிக்கல் தருவது மேசை. பொதுவாக அலுவலக மேசைகள் 72 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் செய்யப்படுகின்றன. ஏறக்குறைய 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் பாதம் தரையில் பதிய அமர்ந்தால், அவருடைய முழங்கை மேசைப் பரப்பைவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். அவர் தோளைத் தூக்கியபடியே தட்டச்சு செய்ய நேரிடும். நாற்காலியை உயர்த்தினால் கால்கள் தொங்கும். இதற்கு ஒரு சாதாரண கால்பலகை போதும். ஆனால், வாங்குவோர் பட்டியலில் அந்தச் சிறு பலகை இடம்பெறுவது அரிது!

பொருள்கள் எதனால் செய்யப்பட்டவை என்பதும் நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் முக்கியம். செயற்கைத் தோல் கடையில் அழகாகத்தான் இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் சில ஆண்டுகளிலேயே அது செதில் செதிலாக உரிந்து, அமர்பவரின் உடையில் ஒட்டத் தொடங்கும். மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்யும் பலகைகள் மலிவானவை. ஆனால், தரை துடைக்கும் நீர் விளிம்பில் புகுந்தால் ஊதிப் பெருத்துவிடும். அத்தகைய அலமாரியை வாங்கினால், அதன் அடிப்பகுதி தரையைத் தொடாதவாறு சிறு கால்கள் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நலம்.

திட மரம் வேண்டுவோர்க்கு உள்நாட்டிலேயே ஒரு நல்ல வழி உண்டு. அதுதான் ரப்பர் மரம். தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் பால் சீவிய அதே மரம்! ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு அம்மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகாகவே எரிக்கப்பட்டது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் துளைக்கும் வண்டுகளும் அதைத் தாக்கியதே காரணம். பின்னர், போரான் கலந்த கரைசலை மரத்தினுள் செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை பரவியது. விறகாய்ப் போன மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் மாறி, 1980களில் வெளிநாடுகளுக்கும் செல்லத் தொடங்கியது. ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரம் இன்று தளவாட உற்பத்திக்குப் பெயர்பெற்றது. பால் ஓய்ந்த மரத்தையே பயன்படுத்துவதால், இதற்காகக் காட்டை அழிக்க வேண்டியதில்லை.

கடைக்குச் செல்லும் முன் ஓர் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துவிட வேண்டும். மேசையின் நீள அகலம் மட்டும் போதாது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க மேசைக்குப் பின்னால் 90 சென்டிமீட்டராவது வேண்டும். கதவும் இழுப்பறையும் திறக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடைவீட்டின் இரண்டாம் மாடியில் அலுவலகம் இருந்தால், படிக்கட்டின் வளைவையும் அளப்பது கட்டாயம். அளக்காமல் வாங்கிய கூட்ட மேசை படிக்கட்டிலேயே சிக்கிக்கொண்டால், அதைத் திருப்பி அனுப்பும் செலவும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

பணம் குறைவாக உள்ளவர்கள் பழைய பொருள்களை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. மூடப்படும் பெரிய அலுவலகங்களிலிருந்து தரமான நாற்காலிகள் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் அமர்ந்து, உயரத்தை மாற்றும் நெம்புகோலை இயக்கிப் பார்க்க வேண்டும். அமர்ந்த சிறிது நேரத்தில் இருக்கை தானாகவே கீழே இறங்கினால், உள்ளே இருக்கும் வாயு உருளை பழுதாகிவிட்டது என்று பொருள். புதிய உருளையைத் தனியாக வாங்கி மாற்றலாம். ஆகவே, அதன் விலையைக் கேட்டு நாற்காலியின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே பேரம் பேச வேண்டும்.