கூட்டக் கட்டுப்பாட்டில் துப்பாக்கிமுனைக் கத்தி

துப்பாக்கிமுனைக் கத்தி அல்லது பயனெட் என்பது நீண்ட குழல் துப்பாக்கியின் முனையில் பொருத்தப்படும் குத்துக்கத்தி ஆகும். போர்க்களத்தில் நெருங்கி வரும் எதிரியைக் குத்துவதற்காக உருவான இக்கருவி, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாகப் பொதுமக்கள் கூட்டத்தைக் கலைக்கவும் தடுக்கவும் பயன்பட்டு வந்துள்ளது. கலகங்களை அடக்குவதில் இக்கத்தி உண்மையிலேயே பயன் தருகிறதா, அல்லது நிலைமையை மோசமாக்குகிறதா என்பது படைத்துறையினரும் சட்ட வல்லுநர்களும் நெடுங்காலமாக விவாதித்து வரும் கேள்வி. இக்கட்டுரை அக்கேள்வியைப் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்று நிகழ்வுகளைக் கொண்டு விளக்குகிறது.

பெயரும் அமைப்பும்

பயனெட் என்ற சொல் பிரான்சின் தென்மேற்கில் உள்ள பயோன் என்னும் நகரின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இக்கத்தியின் கைப்பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் செருகினர். கத்தி செருகப்பட்டிருக்கும்போது துப்பாக்கியைச் சுட முடியாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி போரில், அரசுப் படையினர் சுட்டு முடித்துக் கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டு வீரர்கள் அவர்கள்மேல் பாய்ந்துவிட்டனர். பின்னர், குழலைச் சுற்றி வளையம்போல் மாட்டும் அமைப்பு வந்தது. அதனால் கத்தி மாட்டியிருக்கும்போதே சுடவும் முடிந்தது.

கூட்டக் கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள இந்த மாற்றம் முக்கியமானது. இதன் பிறகு கத்தி என்பது தனிக் கருவியாக இல்லை. கத்தியை நீட்டி நிற்கும் சிப்பாயின் கையில் எப்போதும் ஒரு துப்பாக்கியும் இருக்கிறது.

கத்தி பயன்படும் என்று சொல்லப்படும் காரணங்கள்

கத்தி பொருத்துவதை ஆதரித்தோர் பொதுவாக நான்கு காரணங்களைக் கூறினர்.

1. அது வெளிப்படையான எச்சரிக்கை. ஒரே நேரத்தில் கத்திகள் மாட்டப்படும் ஓசையும், வரிசையாக நீட்டப்பட்ட முனைகளும், ஒரு குண்டும் சுடாமலே கூட்டத்தைப் பின்வாங்கச் செய்யும்.
2. குண்டு இலக்கைத் தாண்டிச் சென்று தொலைவில் இருப்பவரையும் கொல்லும். கத்தி சிப்பாயின் கைக்கு எட்டும் தூரத்தைத் தாண்டாது.
3. கூட்டத்தில் உள்ளோர் சிப்பாயின் துப்பாக்கியைப் பிடித்து இழுப்பதைக் கத்தி தடுக்கும்.
4. வெறுங்கையுடன் நிற்பதற்கும் சுடுவதற்கும் நடுவில் ஒரு படியாக அது அமையும்.

இவற்றில் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இக்காரணங்கள் எல்லாம், கூட்டம் பின்வாங்கும் என்ற ஒரே எதிர்பார்ப்பை நம்பியிருக்கின்றன. கூட்டம் பின்வாங்காதபோது என்ன ஆகும் என்பதைக் கீழ்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

பாஸ்டன், 1770

1770 மார்ச் 5 அன்று இரவு, பாஸ்டன் நகரின் சுங்க அலுவலகத்தின் முன் காவல் நின்ற ஒரு பிரித்தானியச் சிப்பாயைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவருக்குத் துணையாக கேப்டன் தாமஸ் பிரஸ்டன் சில சிப்பாய்களுடன் வந்தார். அவர்கள் கத்தி பொருத்திய துப்பாக்கிகளுடன் அரைவட்டமாக நின்றனர். கூட்டம் கலையவில்லை. பனி உருண்டைகளையும் கட்டைகளையும் எறிந்தது. சுடும்படி சவாலும் விட்டது. ஒரு சிப்பாய் அடிபட்டுக் கீழே விழுந்தார். எழுந்ததும் சுட்டார். மற்றவர்களும் சுட்டனர். ஐந்து பேர் இறந்தனர்.

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸ் நீதிமன்றத்தில் சிப்பாய்களுக்காக வாதாடினார். பிரஸ்டனும் ஆறு சிப்பாய்களும் விடுவிக்கப்பட்டனர். இருவர்மீது மட்டும் கொலை அல்லாத மரணம் விளைவித்த குற்றம் நிறுவப்பட்டது. இங்கே கத்தி வரிசை கூட்டத்தைச் சிறிது தூரத்தில் நிறுத்தியது உண்மை. ஆனால் அந்த வரிசையிலேயே ஒருவர் அடிபட்டு விழுந்தபோது, அடுத்த படியாகச் சுடுவது மட்டுமே சிப்பாய்களிடம் இருந்தது.

பீட்டர்லூ, 1819

1819 ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், புனித பீட்டர் திடலில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரிப் பெருங்கூட்டம் கூடியது. குதிரைப்படையினர் வாளுடன் கூட்டத்துக்குள் புகுந்தனர். தப்பியோட முயன்ற மக்களுக்கு முக்கிய வெளிவழியாக இருந்த பீட்டர் தெருவில், 88ஆம் காலாட்படைப் பிரிவினர் கத்தி பொருத்திய துப்பாக்கிகளுடன் வழியை மறித்து நின்றனர். சுமார் 18 பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வெட்டுக் காயங்களால் மட்டுமன்றி, மிதிபட்டும் பலர் காயமுற்றனர்.

கலைந்து செல்லும் கூட்டத்துக்குத் திறந்த வழி வேண்டும் என்பது கூட்டக் கட்டுப்பாட்டில் முக்கியமான பாடம். கத்தியைக் கண்டு முன்வரிசையில் நிற்பவர் பின்வாங்க விரும்பலாம். ஆனால் பின்னால் நிற்பவர்களுக்குக் கத்தி தெரியாது. அவர்கள் முன்னோக்கித் தள்ளினால், முன்வரிசையினர் தம் விருப்பமின்றியே கத்திமுனைக்குத் தள்ளப்படுவர்.

வாசிங்டன், 1932

முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களுக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊக்கத்தொகைச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. அவற்றுக்குரிய பணம் 1945இல்தான் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த முன்னாள் வீரர்கள், அத்தொகையை உடனே தரக் கோரி 1932இல் குடும்பத்துடன் தலைநகர் வாசிங்டனில் முகாமிட்டனர்.

ஜூலை 28 அன்று, ஜெனரல் டக்ளஸ் மக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படை, கத்தி பொருத்திய காலாட்படை, சில பீரங்கி வண்டிகள் ஆகியவை கண்ணீர்ப்புகையுடன் முன்னேறின. முகாம் காலியானது, அனகோஸ்டியாவில் இருந்த குடிசைகள் எரிந்தன. இடத்தைக் காலி செய்வதுதான் நோக்கம் என்றால், அது நிறைவேறியது. ஆனால் நாட்டுக்காகப் போரிட்டவர்களை அதே நாட்டின் படை கத்திமுனையில் விரட்டிய காட்சி செய்தித்தாள்களிலும் திரைச்செய்திப் படங்களிலும் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் குடியரசுத் தலைவர் ஹூவர் தேர்தலில் தோற்றார். பொருளாதார மந்தமே அத்தோல்விக்குப் பெரிய காரணம் எனினும், இந்நிகழ்வும் அவர் பெயரைக் கெடுத்தது. வீரர்கள் கேட்ட தொகையை முன்கூட்டியே வழங்கும் சட்டம் 1936இல் நிறைவேறியது.

லிட்டில் ராக், 1957

கத்தி பயன் தந்ததற்குப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு இது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களை, ஆளுநர் ஆர்வல் ஃபோபஸ் மாநிலக் காவற்படையைக் கொண்டு தடுத்தார். வெள்ளையர் கூட்டமும் அவர்களை அச்சுறுத்தியது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் 101ஆம் வான்வழிப் படைப்பிரிவை அனுப்பினார். செப்டம்பர் 25 அன்று கத்தி பொருத்திய துப்பாக்கிகளுடன் நின்ற வீரர்களின் காவலில் ஒன்பது மாணவரும் பள்ளிக்குள் நுழைந்தனர். கூட்டத்தில் ஒருவர் வீரரின் துப்பாக்கியைப் பிடித்தபோது, துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடிபட்டார். வேறொருவருக்குக் கத்திமுனை பட்டுச் சிறு காயம் ஏற்பட்டது. உயிரிழப்பு எதுவும் இல்லை.

இங்கே கத்தி வெற்றி பெற்றதற்குச் சூழல் துணைநின்றது. படையின் வேலை குறுகியது, தெளிவானது: ஒரு பள்ளியின் வாசலைக் காப்பது. படையினர் எண்ணிக்கையில் மிகுதி, ஒழுங்கில் சிறந்தவர்கள். கூட்டம் பின்வாங்கத் தெருக்கள் திறந்திருந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, படைக்குப் பின்னால் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. கத்தியைவிட இவையே அன்று அதிகம் வேலை செய்தன எனலாம்.

கென்ட், 1970

1970 மே மாதத் தொடக்கத்தில், கம்போடியாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததை எதிர்த்து ஒகையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் போராட்டம் எழுந்தது. அங்கு அனுப்பப்பட்ட தேசியக் காவற்படையினர் மே 3 இரவு மாணவர்களைக் கத்திமுனையில் விரட்டினர். சிலர் காயமுற்றனர். அச்சம் கூட்டத்தைக் கரைக்கவில்லை. மறுநாள் நண்பகலில் முன்பைவிடப் பெரிய கூட்டம் கூடியது.

மே 4 அன்று கண்ணீர்ப்புகை காற்றில் அடித்துச் செல்லப்பட்டது. கத்தி பொருத்திய துப்பாக்கிகளுடன் காவற்படையினர் திடலைக் கடந்து, ஒரு சிறு குன்றின் மேலேறி, மறுபுறம் இறங்கினர். மாணவர்கள் விலகி நின்று கூச்சலிட்டனர். சிலர் கல் எறிந்தனர். திரும்பி வந்த படையினர் குன்றின் உச்சியில் நின்று 13 விநாடிகள் சுட்டனர். 4 மாணவர் இறந்தனர். 9 பேர் காயமுற்றனர். காயமுற்றோரில் மிக அருகில் இருந்தவரே சுமார் 20 மீட்டர் தொலைவில் நின்றார். இறந்தோரில் மிக அருகில் இருந்தவர் சுமார் 80 மீட்டர் தொலைவில் இருந்தார்.

இந்தத் தூரங்கள் கவனிக்கத்தக்கவை. கத்தியின் எல்லை இரண்டு மீட்டருக்குள் அடங்குவது. கல் எறிபவர் அதற்கு வெளியே நிற்கிறார். அவரை எதிர்கொள்ளக் கத்தியால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் கத்தி பொருத்தப்பட்ட துப்பாக்கியில் குண்டு இருக்கிறது. பின்னர் அமைக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் விசாரணைக் குழு, அத்துப்பாக்கிச் சூடு தேவையற்றது, மன்னிக்க இயலாதது என முடிவு செய்தது. மாணவர் கூட்டங்களின் முன் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை வழக்கமாகக் கொடுப்பது இத்துடன் முடிய வேண்டும் என்றும் அது கூறியது.

கத்தியின் அடிப்படைக் குறைபாடுகள்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து பின்வரும் குறைபாடுகள் புலப்படுகின்றன.

அளவு இல்லாமை: கேடயத்தால் மெதுவாகத் தள்ளலாம், லத்தியால் காலில் தட்டலாம். கத்தியால் குத்த மட்டுமே முடியும். வயிற்றிலோ மார்பிலோ பட்டால் சிறு குத்தும் உயிரைப் போக்கும்.

பாதுகாப்பு இல்லாமை: துப்பாக்கியைப் பிடிக்க இரு கைகளும் வேண்டும். ஆகவே கல்லைத் தடுக்கக் கேடயம் ஏந்த முடியாது. பாதுகாப்பற்ற சிப்பாய் விரைவில் அஞ்சுவார். அஞ்சியவர் விரைவில் சுடுவார்.

பயிற்சியின் தன்மை: கத்திப் பயிற்சி எதிரியைக் கொல்லும் வேகத்தை ஊட்டுவதற்காக உருவானது. கூட்டக் கட்டுப்பாட்டுக்குப் பொறுமையும் பேச்சும் தேவை. ஒரே சிப்பாயிடம் இரண்டையும் எதிர்பார்ப்பது கடினம்.

மக்கள் மனநிலை: கத்தி, எதிரே நிற்பவரைப் பகைவராகக் காட்டுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவரும் அதைக் கண்டு போராட்டக்காரர் பக்கம் சேர்ந்துவிடுகிறார்.

சட்ட நிலை

1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அவையின் கொள்கைகள், காவல் பணியில் உயிர்க்கொல்லி அல்லாத கருவிகளையும், கேடயம், தலைக்கவசம் போன்ற தற்காப்புக் கருவிகளையும் வழங்குமாறு அரசுகளைக் கேட்கின்றன. வலிமையைப் பயன்படுத்துவது தவிர்க்க இயலாதபோதும், அது குற்றத்தின் கடுமைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்கின்றன. இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்க அழைக்கப்படும் படை அதிகாரி இயன்ற அளவு குறைந்த வலிமையையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்ஹிதா, அதே விதியை 149ஆம் பிரிவில் கொண்டுள்ளது.

இன்றைய நிலை

இன்று பெரும்பாலான நாடுகளில் கலகத் தடுப்புப் பணி, கேடயம், தலைக்கவசம், லத்தி, கண்ணீர்ப்புகை, நீர்ப்பீரங்கி ஆகியவற்றுடன் பயிற்சி பெற்ற போலீசாரிடம் உள்ளது. இவையும் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் உயிரைப் பறிக்கக்கூடியவையே. ஆயினும் இவற்றின் கடுமையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

அமெரிக்கத் தரைப்படை 2010இல் தன் அடிப்படைப் பயிற்சியிலிருந்து கத்தித் தாக்குதல் பயிற்சியை நீக்கியது. எனினும் 2020 ஜூனில் வாசிங்டனில் போராட்டங்கள் நடந்தபோது, அங்கு வரவழைக்கப்பட்ட வீரர்கள் சிலருக்குக் கத்திகள் வழங்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அவை உறையை விட்டு எடுக்கப்படவில்லை. போராட்டக்காரர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்படவும் இல்லை. ஆயினும் அவை வழங்கப்பட்ட செய்தியே கண்டனத்துக்கு உள்ளானது.

கூட்டக் கட்டுப்பாட்டில் கத்தியின் பயன் அதைப் பயன்படுத்தாத வரையில்தான் உள்ளது. மிரட்டல் பலிக்கும்வரை அது உயிரைக் காக்கிறது. மிரட்டல் பலிக்காத நொடியில், அதை ஏந்தியவர் முன் குத்துவது, சுடுவது, பின்வாங்குவது என்ற மூன்று வழிகளே எஞ்சுகின்றன. பின்வாங்குவதற்கான ஆணையும் பயிற்சியும் இல்லாத படையை மக்கள் முன் நிறுத்துவதன் விளைவைப் பாஸ்டனும் கென்டும் காட்டுகின்றன.