ஐயாவின் ஆயுதப் பெட்டி

யுத்தம் முடிந்த பின்னர் எங்கள் பகுதிக்கு வந்த படிவங்களுக்குக் கணக்கில்லை. இறந்தவரின் பெயர், இறந்த திகதி, இறந்த இடம், இறந்த விதம். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இந்த நாலையும் பிழையில்லாமல் சொல்லக்கூடிய பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே ஆறேழு பேர் இருக்கிறோம். என் கணவரின் பெயரிலும் ஒரு கோப்பு உண்டு. அதைப் பற்றி எழுத நான் இன்று பேனா எடுக்கவில்லை.

ஒருநாள் படிவம் நிரப்ப வந்த பிள்ளை சுவரில் இருந்த ஐயாவின் படத்தைப் பார்த்து விட்டுக் கேட்டாள்.

“தகப்பன் என்னெண்டு செத்தவர் அக்கா?”

“நெஞ்சுவலி.”

“அப்ப யுத்தத்தாலை இல்லை. இதுக்குள்ளை வராது.”

அவளில் பிழையில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு வந்த ஒரு மாரிகால இரவு அது. ஊரடங்கு நேரம். பத்து மணிக்கு ஐயாவுக்கு நெஞ்சு நொந்தது. விடிந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று அம்மாவும் நானும் மாறி மாறி நெஞ்சைத் தடவிக் கொண்டிருந்தோம். விடிய முதல் அவர் போய்விட்டார். இதை எந்தக் கூட்டுக்குள் எழுதுவது என்று எனக்கும் தெரியாது. ஆனால் 62 வருடம் இருந்த மனிதரைப் பற்றி எல்லோரும் கேட்பது அந்த ஓர் இரவை மட்டும்தான் என்பது என்னை நெடுநாள் உறுத்தியது. இருந்த காலத்தைப் பற்றிக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மருதனார்மடத்தில் இருந்து மேற்கே உடுவிலுக்குள் வந்தால், ஒரு வேப்பமரத்தின் கீழ் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய பட்டறை. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் திருத்துவது அவருடைய தொழில். பெயர்ப்பலகை கிடையாது. தோட்டக்காரர்கள் இயந்திரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டு நேரே வந்து விடுவார்கள்.

எங்கள் பாட்டன் துலா மிதித்தவர். மேலே ஆட்கள் துலாவில் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் நிற்பவர் பட்டையை இழுத்து வாய்க்காலுக்குள் ஊற்றுவார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும் மட்டும் நடை. ஐயா வளர்ந்த காலத்தில்தான் ஊரில் ஒவ்வொன்றாக இயந்திரங்கள் வந்தன. “அந்த மிசின் என்ரை அப்புவின்ரை காலை ஆற வைச்சது” என்று ஐயா சொல்லுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, 14 வயதில் சுன்னாகத்தில் ஒரு பட்டறையில் கையாளாகச் சேர்ந்தார்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத்தான் ஆறென்று சொல்லிக் கொள்கிறோம். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறும். ஐயா இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. எந்தத் தோட்டத்தில் இயந்திரம் திருத்தினாலும், ஓடத் தொடங்கியதும் ஒரு கை தண்ணீர் ஏந்திக் குடித்துப் பார்ப்பார். “தம்பி, இரண்டு மணித்தியாலத்துக்கு மேலை இறையாதை, கிணறு களைச்சுப் போச்சு” என்பார். தன் வியாபாரத்துக்குத் தானே குழி தோண்டுகிறார் என்று அம்மா ஏசுவா. பின்னாளில், 2014 அளவில், சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்திருப்பதாகப் பேரச்சம் எழுந்து, எங்கள் பக்கத்திலும் ஆட்கள் குடிநீருக்குக் குடத்தோடு நின்றபோது, நான் ஐயாவின் அந்தக் கையைத்தான் நினைத்தேன். அந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பு வந்தது.

அவருக்குக் காதுதான் முதல் ஆயுதம். இயந்திரத்தைக் கழற்ற முதல் ஓட விட்டுக் கண்ணை மூடிக் கொண்டு கேட்பார். அந்தக் காது தவிலில் பழகிய காது என்பது என் எண்ணம். பக்கத்து இணுவில் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர் போன ஊர். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்பதற்காகவே ஐயா கோயில் கோயிலாகச் சைக்கிள் மிதித்தவர். 1975இல் அவர் காலமானபோது ஐயா இரண்டு நாள் பட்டறை திறக்கவில்லையாம். இயந்திரம் சீராக ஓடினால் மேசையில் விரலால் தட்டி, “இப்பதான் தாளத்திலை நிக்குது” என்பார்.

1990க்குப் பிறகு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தை அனுபவித்த சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரம் பிடித்துக் கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊர் முழுக்க வெள்ளைப் புகை. மண்ணெண்ணெயும் பவுண் விலைதான். ஐயா ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால் மெல்லிய திரி எடுத்து விளக்குச் செய்து தந்தார். இரவில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை றேடியோவுக்குப் பூட்டுவார். நாங்கள் முறை வைத்துப் பெடலைச் சுற்றினால் பி.பி.சி. தமிழோசை கேட்கும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். “பிள்ளை, சுத்து, சுத்து, முக்கியமான இடம்” என்று கத்துவார். அந்தக் காலத்தை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது.

தம்பிமார் இருவரும் வெளியே போய்விட்டபடியால், பட்டறையில் விளக்குப் பிடிக்க நான் போனேன். பொம்பிளைப் பிள்ளையின் கையெல்லாம் கிறீஸ் என்று அம்மாவுக்கு வருத்தம். முதலில் விளக்கு, பிறகு ஸ்பனர் எடுத்துக் கொடுப்பது, பிறகு கழற்றுவது. அவர் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. கழற்றிய வரிசையிலேயே சாமான்களைத் துணியில் அடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் சட்டம். ஒருமுறை நான் வரிசையைக் குழப்பியபோது ஒரு பகல் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மழை. அம்மா உடுப்பும் கொஞ்ச அரிசியும் கட்டினா. ஐயா சைக்கிள் கரியரில் ஆயுதப் பெட்டியைக் கட்டினார். “இஞ்சேருங்கோ, இரும்பையோ தின்னப் போறியள்?” என்று நாவற்குழிப் பாலம் வரைக்கும் அம்மா ஏசிக் கொண்டே வந்தா. மீசாலையில் ஒரு மாமரத்தின் கீழ் ஐயா பெட்டியைத் திறந்தார். சனம் நிரம்பிய ஊரில் ஒவ்வொரு கிணற்றுக்கும் இயந்திரம் தேவை, ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒட்டுத் தேவை. கூலியாக அரிசி, தேங்காய், சில நாள் மரவள்ளிக் கிழங்கு. 1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது பட்டறைக்குத் தகரமும் இல்லை, கதவும் இல்லை. வேப்பமரம் நின்றது.

திரும்பி வந்த புதிதில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்கள். ஐயா வழமை போல “ஆயுதம்” என்றார். எங்கள் வீட்டில் தொழில் கருவிக்கு அதுதானே பெயர்? சிங்களத்திலும் அந்தச் சொல் கிட்டத்தட்ட அப்படியேதான் ஒலிக்கும். துவக்குகள் திரும்பின. நான் பின்னால் இருந்து “மெக்கானிக், மெக்கானிக்” என்று குழறினேன். திறந்து பார்த்த சிப்பாய் ஒரு ஸ்பனரைத் தூக்கிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்தான். ஐயா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லை வெளியில் பாவித்ததில்லை.

ஐயா தண்ணீர் இயந்திரத்தோடு தையல் மிசினும் பார்ப்பார். தடைக் காலத்தில் மிசின் எண்ணெய் கிடைக்காமல் பெண்கள் தேங்காயெண்ணெய் விடுவார்கள். அது நாளடைவில் பிசின் போல இறுகி, சில்லையே அசைய விடாது. மூட்டுகளில் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, ஊற வைத்து, மெதுவாகச் சுற்றி இளக்க வேண்டும். அந்த அறிவுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. 2009க்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் மிசின் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் படம் எடுத்துக் கொண்டு போனார்கள். பழுதானால் யார் பார்ப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. நான் போய்ப் பார்த்தால் பாதி மிசினில் பெரிய பழுதே இராது. ஊசியின் தட்டைப் பக்கம் மாறியிருக்கும், ஊசித் தட்டின் கீழ் பஞ்சு அடைந்திருக்கும், வார் தொய்ந்திருக்கும். இதை வாசிக்கிற சகோதரிகள் மூலையில் கிடக்கும் மிசினை விற்க முதல் இந்த மூன்றையும் ஒருக்கால் பாருங்கள்.

இனி அவருடைய பட்டம். தை பிறந்தால் ஐயா பட்டறையைப் பின்னேரம் மூன்று மணிக்கே மூடுவார். மூங்கில் சீவி, ரிசுத்தாள் ஒட்டி, அம்மாவின் பழைய சேலையில் வால் கிழித்து, எங்கள் உயரத்துக்கு எட்டுமூலைப் பட்டம் கட்டுவார். முச்சை கட்டுவதை வேறு யாரிடமும் விடமாட்டார். புகையிலைத் தோட்ட வரம்பில் நின்று நான் தூக்கிக் கொடுக்க, அவர் பின்னால் ஓடுவார். பட்டறையில் ஒரு சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், பட்டம் ஏறினால் சின்னப் பெடியன் மாதிரிக் கூவுவார். இருட்டியதும் கயிற்றை வளவுத் தென்னையில் கட்டி விடுவார். வாடைக்காற்றுக்கு அதன் விண் இரவு முழுக்கக் கூவும். நாங்கள் அந்தச் சத்தத்தில் நித்திரை கொள்வோம். 1996க்குப் பிறகு அவர் இரவில் பட்டம் கட்டி விடவில்லை. ஏன் என்று நாங்களும் கேட்கவில்லை.

ஆயுதப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு விண் கிடக்கிறது. கமுகஞ் சலாகையை வளைத்துக் கட்டியபடியே இருக்கிறது, நார் மட்டும் இற்றுப் போய்விட்டது. போன தையில் என் பேரன் அதை எடுத்து வந்து, “அம்மம்மா, இதைக் கூவப் பண்ணித் தாங்கோ” என்றான். பனைமட்டை நாரை எவ்வளவு மெல்லிதாகச் சீவ வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று தரம் சீவிக் கட்டிப் பார்த்தேன். ஒன்று அறுந்தது, மற்றது கூவவில்லை. இயந்திரத்தை ஐயாவிடம் கேட்டுக் கேட்டுப் படித்த நான், இதை ஒருநாளும் கேட்கவில்லை. யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அடுத்த தைக்கு முதல் கட்ட வேண்டும்.