வெட்டவெளி – 7: புற்றில் குடியிருந்த கிளி

போன வாரம் கழுகில்லாத கழுகுமலையில் நின்றோம். அங்கிருந்து மேற்கே பஸ் ஏறினால் அடுத்த ஊர்க்கதைக்குச் சங்கரன்கோவில். கோமதி அம்மனைக் கும்பிட்டு வருகிறவர்கள் நெற்றியில் புற்றுமண் இட்டு, வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது. அதைக் கையில் வைத்திருந்தபோது சம்பந்தமே இல்லாமல் ஆஸ்திரேலியக் கிளி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

குயின்ஸ்லாந்துச் சவான்னாவில், மரம் கொஞ்சமும் புல் அதிகமுமான மண்ணில் வாழ்ந்த கிளி அது. சொர்க்கக்கிளி என்று பெயர். கரையான் புற்றைக் குடைந்து அதற்குள் முட்டையிடும், புல்விதை தின்னும். வெள்ளைக்காரர்கள் ஆடுமாடுகளை அளவில்லாமல் விட்டார்கள். விதை பிடிக்குமுன் புல் தீர்ந்தது. 1902 வரை நீண்ட வறட்சி மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. 1922-ல் சிரில் ஜெரார்டு என்பவர் புற்றுக் கூட்டருகே அதைப் படம் எடுத்தார். 1927-க்குப் பிறகு அதைப் பார்த்ததற்கு நம்பகமான சாட்சி இல்லை. புற்றுகள் மட்டும் நிற்கின்றன.

நம்மூரிலும் சவான்னாவா என்று கேட்பீர்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது சங்கரன்கோவிலுக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். மலையின் மழைமறைவில் கிடக்கும் ஊர். முள்ளும் புல்லும் சரளையுமாகக் கிடக்கிற இந்த வெளிதான் நம் சவான்னா. அரசாங்கக் கணக்கில் அதற்குப் பெயர் தரிசு. அந்தப் பெயர்தான் முதல் கேடு என்பேன். தரிசு என்று எழுதிவிட்டால் அதை என்ன செய்தாலும் லாபம்தானே?

ஊருக்கு வெளியே ஆடு பத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கவுதாரி உண்டா என்று கேட்டேன். “முன்னல்லாம் கால வச்ச எடத்துலயெல்லாம் விர்ருன்னு எந்திரிக்கும் தம்பி. இப்ப மயிலு சத்தந்தான் கேக்கு” என்றார்.

மஞ்சள்மூக்கு ஆள்காட்டி மட்டும் ஒரு ஜோடி இருந்தது. பெட்டை எழுந்து ஓடிய இடத்தைக் கண் எடுக்காமல் பார்த்துப் போயும், காலடியில் இருந்த முட்டையைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. கூடு என்று ஒன்றும் கிடையாது. உள்ளங்கை அளவுக் குழி, நாலு முட்டை, மண் நிறத்தில் கரும்புள்ளி. உச்சி வெயிலில் எங்கோ போய் வயிற்று இறகை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும் பறவை இது. எதிரி தூரத்தில் வரும்போதே தெரிய வேண்டும். அதற்கு வெட்டவெளி வேண்டும்.

அந்த வெளிதான் அடைபடுகிறது. 1877-ல் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம் ஒரு பக்கம் மூடுகிறது. மனை பிரிப்பதும் டிராக்டரும் இன்னொரு பக்கம். நல்ல மனசோடு மரம் நடுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், குயின்ஸ்லாந்தில் மேய்ச்சல் மிஞ்சியதால் பறவை போயிற்று. இங்கே ஆடும் கிடையும் குறைய, முள் ஏறிப் பறவை போகிறது.

2023-ல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நீண்டகாலப் போக்கு கணக்கிட முடிந்த 338 இனங்களில் 204 குறைந்துவிட்டதாகச் சொல்கிறது. புல்வெளி போன்ற திறந்தவெளிகளையே நம்பி வாழும் பறவைகளுக்கு அடி பலம். நம் பனங்காடைகூடச் சரிவில்தான் இருக்கிறது. மயிலோ பெருகியிருக்கிறது. பெரியவர் அறிக்கை படித்தவர் இல்லை.

கோடை உழவுக்கு ஏர் பூட்டுகிறவர்களுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிக் கத்தினால் இறங்கிப் பாருங்கள். முட்டை கண்ணில் பட்டால் நாலு பக்கமும் குச்சி நட்டு, அந்தத் துண்டை மட்டும் விட்டு உழுங்கள். ஒரு மாதம் போதும். குஞ்சு பொரித்தவுடன் தானே நடந்து போய்விடும்.

(தொடரும்)